எதை அளக்கப் போறீங்க?

டிரையல் என்ற பேச்சை எடுத்ததும் நம் ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "நம்மள எலியாக்கப் பாக்கறாங்க" என்பது ஒரு கட்சி. "வெளிநாட்டு மருந்து சும்மா கிடைக்குது, விட்றாதே" என்பது இன்னொரு கட்சி. நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மருந்துச் சோதனைகளுக்குக் கோஆர்டினேட்டர். கன்சென்ட் ஃபார்மை நோயாளியின் முன்னால் விரித்துவைத்து வரிவரியாகப் படித்துக் காட்டுவதும், அவருடைய கேள்விக்கெல்லாம் டாக்டர் பதில் சொல்லி முடிக்கும்வரை கையெழுத்துக்குப் பேனா நீட்டாமல் இருப்பதும் என் வேலை. இரண்டு கட்சியிலும் சேராத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

அப்படி ஒருவர் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். முதுகு பலகையாக இறுகிப்போயிருக்கிறது. கீழே விழுந்த சாவியை எடுக்க முழு உடம்பையும் இறக்க வேண்டும். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் போனார். திறந்து பார்த்த எலும்பு டாக்டர் திகைத்துவிட்டார். வெள்ளையாகப் பளபளக்க வேண்டிய குருத்தெலும்பு கறுப்பாக இருந்தது. அறுவை முடிந்து வார்டுக்கு வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு யூரின் கறுப்பாப் போகுமா?"

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தானுங்க. போகும்போது சாதாரணமா இருக்கும், நின்னா கறுத்துரும். சூட்டு உடம்புன்னு அம்மா வெந்தயம் ஊறவெச்சுக் குடுப்பாங்க."

அல்காப்டோனூரியா. ஐம்பது வருடம் வெந்தயத்தில் கழிந்த பிறகு கிடைத்த பெயர்.

வெளிநாட்டில் இதற்கு டிரையல் நடந்து மருந்து வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, என்னைத் தேடி வந்தார். எங்கள் மருத்துவமனையில் இந்த நோய்க்கு எந்தச் சோதனையும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுந்து போகவில்லை. "பரவாயில்லைங்க மேடம், அங்க எப்படிப் பண்ணுனாங்கன்னு சொல்லுங்க. மருந்து வேலை செய்யுதுன்னு எதைங்க அளந்து பாத்தாங்க?"

நானும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஃபார்ம் படித்துக் காட்டியிருக்கிறேன். இதை முதல் கேள்வியாகக் கேட்ட ஆள் இவர்தான். மருந்து கிடைக்குமா, பக்கவிளைவு உண்டா, பஸ் காசு தருவார்களா என்றுதான் வரிசை போகும். அளவெடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவருக்கு வேறு எது தோன்றும்? ஆனால் பரம்பரையாக வரும் அரிய வளர்சிதை மாற்ற நோய் ஒன்றில் சோதனைக்குப் போகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அல்காப்டோனூரியாவின் கதையே அதற்குச் சாட்சி.

பருப்பு, பால், முட்டை, கறி, எதில் புரதம் இருந்தாலும் அதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படிப்படியாக உடைத்து எரித்துவிடுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. அந்த வரிசையின் நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று ஒன்று உண்டாகும். உண்டான வேகத்திலேயே அடுத்த நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதியைச் செய்யும் ஜீன் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்திருந்தால், அமிலம் உடையாமல் தேங்குகிறது. பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறி, காற்றுப்பட்டுக் கறுக்கிறது. மீதி பல வருடங்களாக மெல்ல மெல்லக் குருத்தெலும்பில் படிந்து அதைக் கறுப்பாக்கி, நொறுங்க வைக்கிறது. முப்பது வயதுக்குமேல் முதுகுவலி, பிறகு இடுப்பு, முழங்கால், தோள். காதுமடல் நீலம் பாரிக்கும். வெள்ளை விழியில் பழுப்புப் புள்ளி தெரியும். சிலருக்கு இதய வால்வும் இறுகிவிடும். உலகத்தில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு இது வரும் என்பது பொதுக் கணக்கு.

மருத்துவ வரலாற்றில் இந்த நோய்க்குத் தனி இடம் உண்டு. லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். மனித நோய் ஒன்று மெண்டல் சொன்ன விதிப்படி பரம்பரையாக இறங்குகிறது என்று முதன்முதலில் காட்டிய எழுத்து அது. இந்த நோய் கண்ட குடும்பம் ஒன்றில் அடுத்த குழந்தை பிறந்ததும், அதன் துணி எப்போது கறை படிகிறது என்று நர்ஸுகளைக் கவனிக்கச் சொன்னார். மூன்று நாளுக்குள் கறை படிந்தது. அப்படியானால் இது கிருமியால் வந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது. பெற்றோரை விசாரித்தபோது அவர்கள் உறவுக்குள் மணந்தவர்கள் என்று தெரிந்தது. இருவருடைய அம்மாக்களும் அக்கா தங்கை. நம் ஊர் முறைப்படி அந்தப் பெற்றோர் அண்ணன் தங்கை ஆகிறார்கள்! கல்யாணப் பேச்சே எழுந்திருக்காது. ஆனால் ஜீனுக்கு முறை தெரியாது. பட்டறைக்காரரின் அப்பா சொந்த அக்கா மகளைக் கட்டியவர். நாம் பொருத்தம் என்கிற அந்தக் கல்யாணத்தில் இருவருக்கும் பொதுவான ஜீன்கள் கேரட் பார்த்த தம்பதியைவிட அதிகம்.

கேரட் அந்தக் கட்டுரையை எழுதியதிலிருந்து மருந்து வர நூறு வருடத்துக்குமேல் ஆனது. வந்த வழியும் விசித்திரமானது. ஊட்டியிலும் நம் தெருவோரப் பூங்காக்களிலும் சிவப்பாகத் தூரிகை தூரிகையாகப் பூத்துத் தொங்கும் பாட்டில் பிரஷ் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர், அந்த மரத்தடியில் மட்டும் களை முளைப்பதில்லை என்று கவனித்தார். மரம் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் செடிகளில் உள்ள ஒரு நொதியை முடக்குகிறது. அதை வைத்துக் களைக்கொல்லிகள் செய்தார்கள். அந்த வரிசையில் வந்த ஒன்றுதான் நிடிசினோன். செடியில் முடக்கப்படும் அதே நொதி நம் கல்லீரலிலும் இருக்கிறது. ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உண்டாக்குவதே அதுதான். 1992-இல் ஸ்வீடன் டாக்டர்கள் டைரோசினீமியா என்ற வேறொரு பிறவி நோய் கண்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து உயிர் காத்த செய்தி வந்தது. அடுத்தபடி யாருக்கும் தோன்றக்கூடியதுதான்: அமிலம் உண்டாவதையே நிறுத்திவிட்டால் அல்காப்டோனூரியாக்காரர்களின் மூட்டு பிழைக்காதா?

"களைக்கொல்லியைங்களா குடுத்தாங்க?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். அப்புறம், "சரி, அளந்தது எதை?"

அங்கேதான் கதை சிக்கலாகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதற்கென்று மூன்று வருடச் சோதனை ஒன்றை நடத்தியது. 40 நோயாளிகள். பாதிப்பேருக்குத் தினம் 2 மில்லிகிராம் நிடிசினோன், பாதிப்பேருக்கு மருந்தில்லை. 2011-இல் முடிவு வெளியானது. மருந்து எடுத்தவர்களின் உடம்பில் அந்த அமிலம் 95 சதவீதம் குறைந்திருந்தது. ஆனாலும் சோதனை வெற்றி என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் சோதனை தொடங்குவதற்கு முன்பே, "இடுப்பு மூட்டு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிப்போம்" என்று எழுதிவைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகளாகத் தேயும் மூட்டில் 40 பேரிடம் மூன்றே வருடத்தில் புள்ளிவிவரம் ஏற்கும்படியான வித்தியாசம் தெரியவில்லை. முடிவு வந்தபிறகு அளவுகோலை மாற்றிக்கொள்ள விதி இடம் தராது. தரவும் கூடாது, தந்தால் எல்லாக் கம்பெனியும் எல்லா மருந்தும் ஜெயித்ததாகத்தான் சொல்லும்.

அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அஞ்சு மைக்ரான் தேய்மானத்தை இஞ்ச் டேப் வெச்சு அளந்தா எப்படிங்க தெரியும்? அளவு தப்பில்லைங்க, கருவி தப்பு."

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

சர்க்கரை வியாதி மருந்தென்றால் பத்தாயிரம் பேரை வைத்துச் சோதிக்கலாம். அளவு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் ஆள் பலம் தூக்கிவிடும். அரிய நோயில் அந்த வசதி கிடையாது. உலகத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் நூறு இருநூறு பேர்தான் சேர்வார்கள். ஒரு சோதனை தோற்றால் அடுத்ததற்குப் பணம் போட ஆள் வருவதற்குள் ஒரு தலைமுறை மூட்டு போய்விடும். ஆகவே அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

அடுத்த முயற்சி இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்தது. அங்கே அல்காப்டோனூரியா நோயாளியான பாப் கிரெகரியும், அவரைப் பார்த்துவந்த டாக்டர் லட்சுமிநாராயண் ரங்கநாத்தும் சேர்ந்து 2003-இல் ஒரு நோயாளிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு அதன் பொறுப்பை ஏற்றவர் நிக் சிரோ. அவருடைய இரண்டு மகன்களுக்கும் இந்த நோய். நோயாளிகள் சங்கம் என்றால் வருடம் ஒருமுறை கூடிப் பொன்னாடை போர்த்திக்கொள்வது என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனை, பல்கலைக்கழகம், மருந்துக் கம்பெனி எல்லாரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதியைப் பெறுவதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தமுறை அவசரப்படவில்லை. முதலில் 40 பேரை வைத்து நான்கே வாரம் ஒரு சின்னச் சோதனை. ஒரு குழுவுக்கு மருந்தில்லை. மற்ற நான்கு குழுக்களுக்கு 1, 2, 4, 8 மில்லிகிராம். எந்த அளவு போதும் என்று பார்ப்பது மட்டுமே நோக்கம். அதன்பிறகு பெரியது: 138 பேர், நான்கு வருடம், தினம் 10 மில்லிகிராம். லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பிஷ்ட்யானி என்று மூன்று இடங்கள். பிஷ்ட்யானி வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். வாதநோய் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்பதால் அந்த ஊர் தானாகவே கணக்கில் வந்தது.

அளவுகோல்? முதல் வருட முடிவில், ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் அந்த அமிலம் எவ்வளவு என்பது முதன்மை அளவு. கண், காது, முதுகெலும்பு, மூட்டு, இதயம் எல்லாவற்றையும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஒரு பட்டியல் அதற்கு அடுத்த அளவு. அதை நான்கு வருடமும் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மூட்டை மட்டும் நம்பி உட்காரவில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு நாள் சிறுநீரைச் சேகரிப்பது என்றால் என்ன என்பது எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான் தெரியும். காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதலில் போவதுவரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். கேனில் முன்கூட்டியே அமிலம் ஊற்றியிருக்கும். இல்லாவிட்டால் சிறுநீர் கறுத்து அளவு கெட்டுவிடும். அமிலம் தெறிக்கும் என்பதால் நேராகக் கேனில் போகக்கூடாது. குடுவையில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். வெளியூர்க்காரர் லாட்ஜில் தங்கியிருப்பார். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமில் போய்விட்டு வந்து, காலையில் "எல்லாம் பிடிச்சுட்டேன்" என்று தலையசைப்பார். நான் கேனின் கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். சத்தம் போட மாட்டேன். "இன்னிக்கு மறுபடி ஆரம்பிச்சுரலாங்க" என்பேன். பொய்யான ஒரு கேன் உண்மையான பத்துக் கேன்களைக் கெடுக்கும்.

ஐரோப்பாவில் பாதிப்பேர், அதாவது 69 பேர், நான்கு வருடம் இப்படிக் கேன் தூக்கினார்கள், ஊசி குத்திக்கொண்டார்கள், ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தார்கள், விமானம் ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு மருந்தே கிடையாது.

"மருந்தே குடுக்கலைங்களா? போலி மாத்திரைகூட இல்லைங்களா?"

இல்லை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. டாக்டர் கையில் இல்லை, சிபாரிசு செல்லாது. போலி மாத்திரை கொடுத்தும் இந்த நோயில் ரகசியம் நிற்காது. மருந்து எடுப்பவரின் சிறுநீர் கறுக்காது. இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் நோயாளிக்குத் தெரியட்டும், மதிப்பெண் போடுகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று ஏற்பாடு.

முடிவு 2020-இல் வந்தது. ஒரு வருடத்தில் மருந்து எடுத்தவர்களின் சிறுநீரில் அமிலம் மற்றவர்களைவிட 99.7 சதவீதம் குறைவு. ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. நான்கு வருட முடிவில் நோய்ப் பட்டியல் மதிப்பெண்ணிலும் அவர்கள் நிலை மேல். அந்த வருடமே ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு இந்த மருந்து அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2025-இல்.

இதை 'அதிசய மருந்து' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கறுத்து நொறுங்கிய குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. அதோடு, அமிலம் உண்டாவதைத் தடுத்தால் அதற்கு முந்தைய டைரோசின் ரத்தத்தில் ஏறும். அது கருவிழியில் படிகமாகப் படிந்து எரிச்சல், கண்கூச்சம், வலி என்று சிலரைப் படுத்தியது. மருந்தை நிறுத்தியபோது சரியானது. அதனால்தான் மருந்தோடு பருப்பையும் கறியையும் அளந்து சாப்பிட வேண்டியிருக்கிறது, கண் டாக்டரையும் விடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அந்தப் பெரிய சோதனையில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் சேர்த்தார்கள். அதற்காக அலைந்த நிக் சிரோவின் மகன்களுக்கு அப்போது அந்த வயதில்லை. சேர்க்கைத் தகுதி என்பது இவ்வளவு கண்டிப்பானது. வயது, நோயின் நிலை, எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள், கர்ப்பம், ரத்த அளவுகள் என்று பட்டியல் நீளும். அதில் ஒன்று இடித்தாலும் வெளியே. "ஒரு பாயிண்டுதானே, கண்டுக்காம விட்ருங்க மேடம்" என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு பாயிண்ட் அவருடைய உயிரைக் காக்கவே எழுதப்பட்டிருக்கலாம்.

இனி நம் ஊர் நடைமுறை. இந்தியாவில் புது மருந்துச் சோதனைகளுக்கு 2019-இல் புதிய விதிகள் வந்தன. எந்தச் சோதனையும் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. அந்தக் கமிட்டியில் டாக்டர்கள் மட்டுமில்லாமல் சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். சோதனை தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது ஏறியிருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் நோயின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். 'பிரைமரி அவுட்கம்' என்று ஒரு கட்டம் அதில் இருக்கும். பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கட்டத்தில்தான். சேர்வதற்குப் பணம் கட்டச் சொன்னால், பதிவு எண் கேட்டதும் பேச்சை மாற்றினால், அங்கே நிற்காதீர்கள்.

ஃபார்ம் படிக்கும்போது பெரும்பாலானவர்கள் தடுக்கி நிற்கும் இடம் பக்கவிளைவுப் பகுதி என்று நினைப்பீர்கள். இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் படிப்பு, தொழில், வருட வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, நாமினியின் பெயர், உறவு, முகவரி என்று ஒரு வரி இருக்கும். சோதனையால் உயிரே போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக விதியே கேட்கச் சொல்லும் விவரம் அது. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மாமியார் அங்கே வந்ததும் கையைப் பிடித்துவிடுவார்: "நாமினி எதுக்குக் கண்ணு? எல்.ஐ.சி.யா எடுக்கறோம்?" இதை வழவழவென்று தாண்டிப்போகும் கோஆர்டினேட்டர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்த வரியில்தான் நிறுத்தி, உள்ளதைச் சொல்வேன். சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியச் செலவு ஸ்பான்சர் கம்பெனியுடையது. சோதனைதான் காரணம் என்று தீர்மானமாகி, நிரந்தர ஊனமோ மரணமோ ஏற்பட்டால் இழப்பீடு. அதைக் கணக்கிட 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்து ஏற்றி இறக்குவார்கள். இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்துபோனவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டவர் மூன்றாவது விசிட்டில் வராமல் நிற்பதைவிட அது மேல்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை யாரும் குறைக்கக்கூடாது. இது நோயாளியின் உரிமை, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் 138 பேர் சோதனையில் பத்துப் பேர் பாதியில் நின்றால், அந்தப் பள்ளத்தை நிரப்ப உலகத்தில் வேறு பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பயணம், சம்பளப் பிடித்தம், கூட வர ஆள், வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பாருங்கள் என்று நச்சரிப்பேன். மருந்து வராத குழுவில் விழுந்தாலும் வருவீர்களா? இதற்கு 'வருவேன்' என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாதவரை நான் அவசரப்படுத்துவதில்லை. 'சோதனை முடிந்த மறுநாள் மருந்து தொடருமா' என்பதையும் முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். டாக்டர் பரிந்துரைத்து, எதிக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டு, வேறு மாற்று வைத்தியம் இல்லாவிட்டால் ஸ்பான்சர் இலவசமாகத் தொடர வேண்டும் என்பதற்கு விதியில் இடமிருக்கிறது. ஆனால் இந்த 'ஆல்'களும் 'விட்டால்'களும் ஒவ்வொன்றாக நிறைவேற வேண்டும்.

பட்டறைக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மூர்ல இது வேற யாருக்கும் இல்லைங்களா மேடம்?"

இருக்கிறது. 2014-இல் ஒரு மரபியல் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பகுதியில் குடியமர்ந்த நரிக்குறவர் மக்களில் 41 பேரைச் சோதித்ததில் 16 பேருக்கு அல்காப்டோனூரியா. அதில் 11 பேருக்கு ஒரே ஜீன் பிழை, இரண்டு பிரதியிலும். எப்போதோ ஒரு மூதாதையரிடம் தோன்றிய பிழை, வெளியே கல்யாணம் செய்யாத சின்னச் சமூகத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகியிருக்கிறது. அந்தக் கட்டுரையில் தமிழக ஆய்வாளர்களோடு ஸ்லோவாக்கிய மரபியலாளர்களின் பெயரும் இருக்கிறது. ஸ்லோவாக்கியாவின் மலைக் கிராமங்களிலும் இதே மாதிரிதான் நோய் குவிந்தது. அங்கே நோயாளிகளின் பட்டியல் பல காலமாகக் கையில் இருந்தது; சோதனை வந்தபோது யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஊசிமணி விற்றுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் படுத்துறங்கும் ஒருவரின் முதுகுவலியை நம் ஊரில் யார் எழுதிவைத்தார்கள்? அவர்கள் கொடுத்த ரத்தம் உலக அறிவில் ஒரு புதுப் பிழையைச் சேர்த்தது. அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன போய்ச்சேர வேண்டும் என்ற பேச்சும் அதே வேகத்தில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரிய நோய்க்காரர்கள் பெயர் பதியாமல் இருந்தால் சோதனை அவர்களைத் தேடி வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரிய, பரம்பரை நோய்களுக்கென ஒரு தேசியப் பதிவேடு நடத்துகிறது. 2021-இன் அரிய நோய்க் கொள்கையின்படி நாடெங்கும் சிறப்பு மையங்களும் இருக்கின்றன; தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதில் ஒன்று. டிரையலே இல்லாத காலத்தில் செய்யக்கூடியது இதுதான்: நோயை உறுதிசெய்து, ஜீன் பரிசோதனைக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி, வருடாவருடம் முதுகும் மூட்டும் எப்படி இருக்கின்றன என்று ஒரே இடத்தில் அளந்து வைப்பது. நோய் தானாக எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்தால்தான், மருந்து அதை மெதுவாக்கியதா என்று நாளைக்குச் சொல்ல முடியும்.

அவருக்கு ஒரு தங்கை, திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா அப்பா இருவரும் பழுதான ஜீனைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கைக்கும் உள்பாவாடையில் கறை படியும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். வீட்டில் யாரும் பேசியதில்லை. மாமியார் வீட்டில் இன்னும் தெரியாது. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏங் கண்ணு, ஒரு பிளட் டெஸ்ட்டுக்கு வரணும்."

"எதுக்குண்ணா? எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்."

"முதுகு வலிக்குதுன்னு சொன்னயில்ல?"

"இந்த வயசுல யாருக்குத்தான் வலிக்கல? டெய்லரிங் மிஷின்ல உக்காந்தா வலிக்கத்தான் செய்யும். செலவு யாரு பாக்கறது? அவரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார். போனை வாங்கி, "நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்மா, இப்பவே வரணும்னு இல்லை" என்று ஆரம்பித்தேன். முதலில் ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை போதும், வீட்டில் யாரிடம் என்ன சொல்வது என்பது அவர் இஷ்டம், ரிப்போர்ட் அவர் கைக்கு மட்டும்தான் போகும் என்றேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, "பனியன் கம்பெனியில வியாழக்கிழமை லீவு போட்டாத்தான் முடியும்" என்றார். வியாழக்கிழமை எங்கள் லேப் மதியம் ஒரு மணிவரைதான். அதையும் சொல்லிவிட்டு, பன்னிரண்டுக்குள் வந்துவிடச் சொன்னேன்.